கடவுளுக்குக் குரல் கொடுத்தவர்

“கடவுளே வந்து சொன்னாத்தான் காலை எடுக்க விடுவாராம், அண்ணே!”

வாசலில் நின்ற பெண் மூக்கை உறிஞ்சினாள்.

குரல்காரர் கதவைப் பாதிதான் திறந்திருந்தார். ஒரே மகள் இறந்ததிலிருந்து அந்தக் கதவு யாருக்கும் முழுதாகத் திறந்ததில்லை. போன் அணைந்தே கிடந்தது. துக்கம் கேட்க வந்தவர்களைக்கூடத் தலையசைத்தே திருப்பி அனுப்பிவிட்டார்.

இவளை அப்படித் திருப்ப முடியவில்லை. கூடவே வேலை பார்த்த ஒலிப்பதிவாளரின் மனைவி.

“டாக்டர் என்ன சொல்றார்?”

“சர்க்கரைப் புண்ணு. கணுக்காலைத் தாண்டிடுச்சு. எடுக்கலைன்னா உயிருக்கே ஆபத்துங்கறார். இவரானா காய்ச்சல்ல கண்ணை மூடிக்கிட்டு, கடவுள் சொல்லட்டும், கடவுள் சொல்லட்டும்னே பொலம்பறார்.”

“பைத்தியக்காரன். அப்படி ஒருத்தர் இல்லைன்னு நான் சொன்னேன்னு போய்ச் சொல்லு.”

“நீங்களே வந்து பேசுங்கண்ணே. அந்தக் குரல்ல.”

அந்தக் குரல் என்றால் ஊருக்கே தெரியும். தொலைக்காட்சித் தொடரில் மேகத்துக்கு மேலிருந்து கடவுள் பேசும்போதெல்லாம் பேசியது இவர்தான். ஸ்டுடியோவில் இவருக்குப் பெயரே ‘அசரீரி’. மைக் முன்னால் இருமிவிட்டால் போதும், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் கத்துவார்: “மேல இருக்கறவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, வெந்நீர் கொண்டாங்கப்பா!”

“என்னால முடியாதும்மா.”

“ஏன் முடியாது? இத்தனை வருஷம் டிவியில பேசினீங்களே, அது மட்டும் என்னவாம்?”

“அப்ப நம்பினேன். நம்பித்தான் பேசினேன். இப்ப இல்லாத ஒருத்தர் குரலை இரவல் வாங்கி, சாகக் கிடக்கிறவனை ஏமாத்தச் சொல்றியா?”

“ஏமாத்துங்க. அவர் பிழைச்சு எழுந்து வந்து உங்களைத் திட்டட்டும். திட்ட ஆள் இருக்கணும்ல?”

சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து, சத்தம் வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

குரல்காரர் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி அழுக்குப் பச்சையில் ஒரு திரை. புண்ணின் வாடை திரைக்கு வெளியேயும் வந்தது. திரைக்குள் மனைவி போய் உட்கார்ந்தாள். வெளியே இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மகனே!”

வார்டே திரும்பிப் பார்த்தது. எதிர்க் கட்டிலில் இருந்தவர் பதறி எழுந்து கைகூப்பினார்.

“அஞ்சாதே. அந்தக் காலைத் துறந்துவிடு. உயிர் உன்னிடம் இருக்கட்டும்.”



வசனம் அவ்வளவுதான். ஆனால் அவர் நகரவில்லை. தொடரில் கடவுள் செந்தமிழ் தவறியதே இல்லை. இன்று தவறினார்.

“கேளுப்பா. எடுத்துக்கட்டும், விட்டுடு. மிச்சம் இருக்கறதையாவது காப்பாத்திக்கோ. எல்லாரையும் காப்பாத்த என்னால முடியலை. ஒரு சின்னப் பொண்ணு, அவ அப்பன் எப்படியெல்லாம் கெஞ்சினான். அவளைக்கூட விட்டுட்டேன்.”

குரல் உடைந்தது.

“என்னை மன்னிச்சுடுப்பா.”

அவர் வாசல் பக்கம் ஓடும் சத்தம் கேட்டது. ஏதோ இரும்பு பெஞ்சில் இடித்துக்கொண்டிருக்க வேண்டும். அடுத்து வராந்தாவிலிருந்து ஒரு கேவல் எழுந்தது. ஒன்றுதான் முதலில். பிறகு நிற்கவில்லை.

ஒலிப்பதிவாளர் கண்ணைத் திறந்தார்.

“சரி. எடுத்துக்கச் சொல்லு” என்றார்.

மனைவி மேலே பார்த்துக் கும்பிட்டாள். அதற்குள் திரையை விலக்கிக்கொண்டு நர்ஸ் வந்தாள்.

“கிளம்பலாமா ஐயா? தியேட்டர் ரெடி. என்னம்மா நீங்க, இன்னும் அழுதுக்கிட்டு? ஐயா நேத்தே தைரியமா சரின்னுட்டாரு. நீங்கதான் பயப்படறீங்க.”

மனைவி கும்பிட்ட கையைக் கீழே இறக்கினாள்.

“நேத்தேவா?”

“நீ மருந்து வாங்கப் போயிருந்தப்ப, டாக்டர்கிட்ட சொன்னேன்” என்றார் ஒலிப்பதிவாளர், மேற்கூரையைப் பார்த்தபடி.

“அப்ப அந்தக் காய்ச்சல் பொலம்பல்? கடவுள் சொல்லட்டும்னது?”

“காய்ச்சல் நிஜம்தான்.”

“பாவி மனுஷா! நேத்து ராத்திரியெல்லாம் நான் செத்துப் பிழைச்சேன். அவர் வாசல்ல போய் நாய் மாதிரி உட்கார்ந்து அழுதேன். என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லியிருந்தா நீ நடிச்சிருப்பே. அவன் குரல்ல பிழைக்கிறவன். பொய் அழுகைன்னா முதல் வார்த்தையிலேயே கண்டுபிடிச்சு, கதவைச் சாத்தியிருப்பான்.”

நர்ஸ் ஆள் கூப்பிடப் போனாள். வராந்தாவில் கேவல் இன்னும் ஓயவில்லை. யாரோ “தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க” என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக எழுந்தாள்.

ஒலிப்பதிவாளர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கை கொதித்தது.

“போகாதே. மகளை அனுப்பி வெச்ச அன்னிக்குக்கூட அவன் அழலை. இப்பவாவது முழுசா அழுது முடிக்கட்டும்.”