எட்டு இதயம் உள்ள ஆக்டோபஸ்

“கண்ணை இறுக்கி மூடிக்குங்க அண்ணி. போன ரெண்டு தடவை மாதிரி பாதியில அலறிக்கிட்டு ஓடி வந்துடாதீங்க” என்றாள் நாத்தனார்.

“நான் என்ன வேணும்னா ஓடி வந்தேன்? அந்த ஸ்கேன் குழாய்க்குள்ள தலை போனதும் மூச்சே நின்னுடுது” என்றாள் டீச்சர்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுக்கிறவள். இடுப்பில் ஏதோ நரம்பு நசுங்கி, இடது கால் நாளுக்கு நாள் மரத்துக்கொண்டே வந்தது. ஸ்கேன் படத்தைப் பார்க்காமல் கத்தியை எடுக்க மாட்டேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இனியும் தள்ளிப்போட்டால் கால் விளங்காமலே போகலாமாம். இன்றைக்கும் ஓடி வந்தால், அப்புறம் ஓடுவதற்குக் கால் இருக்காது.

குழாய் அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. மூக்குக்கு நேர் மேலே வெள்ளைக் கூரை. நெஞ்சு படபடவென்று அடித்தது. கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்திருந்தார்கள். அதை அமுக்கினால் உடனே வெளியே எடுத்துவிடுவார்கள். விரல்கள் அதை அமுக்கப் போய்விட்டன.

அப்போதுதான் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ஸ்கேன் எடுப்பவரின் குரல் கேட்டது.

“மேடம், அசையக் கூடாது, பேசக் கூடாது. நடுநடுவுல நான் ஏதாவது சொல்றேன், சும்மா கேட்டுக்கிட்டிருங்க. இந்த ஆக்டோபஸ் இருக்கே, அதுக்கு எட்டுக் கை. கைக்கு ஒண்ணுன்னு மொத்தம் எட்டு இதயம்!”

விரல்கள் அப்படியே நின்றன. எட்டா?

டக் டக் டக் என்று இயந்திரம் இடிக்க ஆரம்பித்தது. மூன்று சாமி, மூன்று! செவுளுக்கு இரண்டு, உடம்புக்கு ஒன்று. ரத்தம்கூட நீல நிறம். அவள் மூடிய கண்ணுக்குள் அந்த நீலம் மெல்லப் பரவியது.

சத்தம் நின்றது.

“ஒட்டகம் திமில்ல தண்ணியை ரொப்பி வெச்சுக்கும் மேடம். நம்ம மாடித் தொட்டி மாதிரி.”

கொழுப்பு! திமிலில் இருப்பது கொழுப்பு. இந்த ஆளுக்கும் அதுதான்.

“திமிங்கலம்தான் உலகத்துலயே பெரிய மீன்.”

அது மீனே இல்லை ஐயா, குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பிராணி என்று மனதுக்குள் கத்தினாள். வெள்ளைக் கூரை இருந்த இடத்தில் இப்போது கடல். ஒரு திமிங்கலம் குட்டியை அணைத்தபடி அவளுக்கு மேலே ஆற அமர நீந்திப் போனது. அடிவயிறு கடந்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. குட்டி ஒரு தடவை அவளைக் குனிந்து பார்த்தது.

“பிரமிடைக் கட்டினதே கிளியோபாட்ராதான்.”

அடப்பாவி. கிளியோபாட்ரா பிறக்கும்போதே பிரமிடு அரதப்பழசு. கணக்குப் பார்த்தால், பிரமிடு கட்டிய காலத்தைவிட மனிதன் நிலாவில் கால் வைத்த காலம்தான் அவளுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. டீச்சரின் கண்ணுக்குள் ராணி மணலில் உட்கார்ந்து நிலாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நிலாவில் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒட்டகம் அசைபோட்டது. காற்று தாராளமாக வீசியது.

“அந்த ஈஃபில் கோபுரம் இருக்குல்ல? இரும்பு. வெயில் காலத்துல சுருங்கிடும்.”

போச்சு. இதுதான் பொறுக்க முடியாதது. சூடு பட்டால் இரும்பு விரியும் என்று தொண்டை வறளச் சொல்லிக் கொடுக்கிறவள் அவள். கண்ணுக்குள் கோபுரம் வெயிலில் சோம்பல் முறித்து, கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவளும் படுத்திருந்தாள். நாக்கு மட்டும் பரபரத்தது.

“முடிஞ்சுது மேடம்.”

“அதுக்குள்ளயா?” என்று கேட்டுவிட்டாள். உடனே கோபம் திரும்ப வந்தது. “ஏங்க, நீங்க பள்ளிக்கூடம் பக்கமாவது போயிருக்கீங்களா?”

“எதுவா இருந்தாலும் வெளியில நர்ஸ்கிட்ட சொல்லிடுங்க மேடம்” என்று சிரித்தார் அவர்.

வெளியே நாத்தனார் ஓடி வந்தாள். “அண்ணி! முழுசா எடுத்தாச்சா?”

“அது கிடக்கட்டும். திமிங்கலத்தைப் போய் மீன்னு சொல்றான்டி அந்த ஆளு! இதைச் சும்மா விடக்கூடாது.”

காலை இழுத்து இழுத்து நர்ஸின் மேஜைக்குப் போனாள். “உங்க ஸ்கேன் எடுக்கறவர் மேல ஒரு புகார்.”

“சொல்லுங்க மேடம்.”

வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் ஒரு புலம்பல் கேட்டது. அடுத்து உள்ளே போக வேண்டிய ஆள். ஆறடி உயரம், முறுக்கு மீசை. மனைவியின் கையைப் பிடித்தபடி வெடவெடத்துக்கொண்டிருந்தார். “வேணாம்டி, வீட்டுக்குப் போயிடலாம்.”

ஸ்கேன் எடுப்பவர் கதவருகே வந்து நின்றார். “என்ன வேலை சார் பார்க்கறீங்க?”

டீச்சருக்குச் சுருக்கென்றது. உள்ளே போகுமுன் அவளிடமும் இதையேதான் கேட்டிருந்தார்.

“லாரி டிரைவர் சார்.”

“அப்படியா? மேடு ஏறும்போது டாப் கியர்தானே சார் போடணும்?”

“எவன் சார் உங்களுக்குச் சொன்னது?” டிரைவர் மனைவியின் கையை உதறினார். “வண்டி திணறி நின்னுடும் சார்!”

“இறக்கத்துல இன்ஜினை அணைச்சுட்டு விட்டா இன்னும் நல்லாப் போகுமாமே?”

“ஐயையோ, பிரேக் பிடிக்காது சார்!” டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு, அவரைத் துரத்தாத குறையாக உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

திட்டித் தீர்க்க வந்த டீச்சருக்குக் கண் கலங்கியது. அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

“ஏதோ புகார்னு சொன்னீங்களே மேடம்?” என்றாள் நர்ஸ்.

“ஆமாம்மா. அடுத்த தடவை சயின்ஸ் டீச்சர் யாராவது பயந்துக்கிட்டு வந்தா, வௌவாலுக்குக் கண்ணே தெரியாதுன்னு சொல்லச் சொல்லு. அதைக் கேட்டாத்தான் எங்களுக்கு ரொம்பக் கோவம் வரும்.”