கோப்புப் படம்

மேசைமேல் அவள் பரப்பிய பதினொரு பத்திரிகை நறுக்குகளிலும் அவளே அழுதுகொண்டிருந்தாள்.

அவனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பதினேழு வருடமாகப் பழகிய முகம்.

மாலைப் பத்திரிகையில் பக்கம் கட்டுகிறவன் அவன். எங்கேயாவது சாவு விழும். படம் வருவதற்குள் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். கணினியில் இருந்து அழும் பெண்ணை எடுத்து, கீழே பொடி எழுத்தில் 'கோப்புப் படம்' என்று போட்டுவிடுவான். வெள்ளத்துக்கு அழுதாள். புயலுக்கு அழுதாள். கடல் தாண்டி எங்கோ நடந்த பூகம்பத்துக்கும் அவள்தான் அழுதாள்.

ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கடைசி நறுக்கு போன மாதத்தது. கள்ளச்சாராயம் குடித்து ஐந்து பேர் பலி. 'கணவனை இழந்து கதறும் பெண்.' பொடி எழுத்து விட்டுப்போயிருந்தது.

"செத்துப்போனவரு இவருதான் சார்" என்றாள்.

பக்கத்தில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெயர் அஞ்சாப்புலி. வெற்றிலை பாக்குகூடப் போடாதவராம்.

மகளுக்குப் பூ வைக்க நாள் குறித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகையைக் காட்டி, குடித்துச் செத்தவரை மறைத்துவிட்டு யாரைக் கொண்டுவந்து சபையில் உட்கார வைத்தீர்கள் என்று கேட்டார்களாம்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே வெட்கமும் வந்தது.

"திருத்தம் போடுறோம்மா."

"எத்தனாம் பக்கத்துல சார்?"

ஏழாம் பக்கம். கீழே. இரண்டு வரி. அவன் கடைசி நறுக்கைக் கையில் எடுத்தான்.

"இந்தப் படம் எடுத்த அன்னிக்கு நான் சந்தோஷத்துல அழுதேன் சார். ஆத்தோட போன புள்ளையத் தூக்கிட்டு வந்து கையில குடுத்தாங்க. எல்லாத்துலயும் தேடிட்டேன். எந்தப் படத்துலயும் புள்ளையக் காணோம்."

அவன் கணினியில் தேடினான். மூலப்படம் கிடைத்தது. 'அழுகை பெண் 1.'

அவள் முகத்துக்குக் கீழே, உடம்பெல்லாம் சேறாக, நான்கு வயதுக் குழந்தை. ஒரு கையில் அம்மாவின் புடவை. இன்னொரு கையில் பாதி தின்ற பிஸ்கட்.

இரண்டு பத்தி அகலத்துக்கு ஒதுக்கிய இடத்தில் படத்தின் நீளம் கொள்ளவில்லை. அன்று அவன்தான் வெட்டினான்.

அஞ்சாப்புலி குனிந்து பார்த்தார். முதல்முறையாக வாய் திறந்தார்.

"இவதான் சார் அபிநயா. பூ வைக்க இருந்த பொண்ணு."

அவள் திரையைத் தொட்டாள். "இதப் போடுங்க சார். மொதப் பக்கத்துல."

எந்தச் செய்தியோடு போடுவது? பதினேழு வருடம் முன்பு ஒரு குழந்தை பிழைத்தது. இதைக் கொண்டுபோய் ஆசிரியரிடம் நீட்டினால் ஏற இறங்கப் பார்ப்பார். அவனுக்கு அலுப்பாக இருந்தது. இத்தனை வருடச் சாவையும் மொத்தமாகச் சுமந்த அலுப்பு.

பார்க்கிறேன் என்றான். பார்க்கிறேன் என்றால் என்னவென்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. நறுக்குகளைப் பொறுக்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

மணி இரண்டு. உள்ளறையில் இருந்து ஆசிரியரின் குரல் வந்தது.

"படகு கவுந்து எட்டுப் பேரு. மொதப் பக்கம், ரெண்டு பத்தி. அந்த அழுவுற பொம்பளயப் போட்டு அனுப்பிடுப்பா."

"சரி சார்."

அவன் படத்தை எடுத்தான். வெட்டவில்லை. நீளம் கொள்ளாததால் படகுச் செய்தியில் நான்கு வரியைக் குறைத்தான். எட்டு என்ற எண்ணைத் தொடவில்லை. செய்திக்கும் படத்துக்கும் நடுவே கெட்டியாக ஒரு கோடு இழுத்தான்.

படத்தின் கீழ், பெரிய எழுத்தில் அடித்தான்.

'வெள்ளத்தில் பிழைத்த அன்று அபிநயா. தூக்கி வைத்திருப்பவர் தாய். தந்தை அஞ்சாப்புலி நலமாக இருக்கிறார்.'

"பக்கம் போயிருச்சா?"

"போயிருச்சு சார்."

அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.