வலி ஊசி

“வலி ஊசி போட்ருங்கம்மா. ஜல்தியா போட்ருங்க.”

பிரசவ அறையிலிருந்து வெளியே வந்த நர்ஸ் விசாலாட்சியை மறித்துக்கொண்டு நின்றான் மாயவன்.

“டாக்டரம்மாவும் அதான் சொன்னாங்க,” என்று சொல்லிவிட்டு அவள் மருந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாயவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவன் கொடுத்திருந்த வாக்கு அப்படி. எண்பத்திரண்டில் மரக்காணத்துக் குப்பத்தில், வீட்டிலேயே தலைச்சனைப் பெற்றபோது அவன் மனைவி தேவகி இரண்டு நாள் துடித்தாள். அதற்குப் பிறகு நான்கு வருடம், இன்னொரு பிள்ளை என்ற பேச்சை எடுத்தாலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் வலி தெரியாமல் இருக்க ஊசி போடுகிறார்கள், நான் ஆச்சு உனக்கு என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் இந்தப் பிள்ளை.

சத்தியம் செய்தானே தவிர, ஊசியின் பேர் அவனுக்குத் தெரியாது. காலையில் பக்கத்து பெஞ்சில் இருந்த அம்மாள்தான், தன் மருமகளுக்கு வலி ஊசி போட்டார்கள், சுருக்கப் பிறந்துவிட்டது என்றாள். அவனும் பிடித்துக்கொண்டான். காய்ச்சல் ஊசி போட்டால் காய்ச்சல் போகிறது. வலி ஊசி போட்டால் வலி போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கால் மணி நேரம் ஆனது.

தேவகியின் சத்தம் அடங்கவில்லை. தெருவரைக்கும் கேட்க ஆரம்பித்தது.

நர்ஸ் மறுபடி வெளியே வந்தபோது அவன் ஓடினான்.

“இன்னாம்மா, ஊசி வேலை செய்யலையா? வலி ஏறிக்கினே போவுதே.”

“நல்லா வேலை செய்யுதுய்யா. வலி வர்றதுக்குத்தானே வலி ஊசி,” என்றாள் விசாலாட்சி. “வலி பத்தாம கெடந்துச்சு. இனிமே சீக்கிரம் ஆயிடும்.”

மாயவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். எதை நிறுத்துகிறேன் என்று சத்தியம் செய்தானோ, அதையே வாய்விட்டுக் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறான். அவளுடைய ஒவ்வொரு கத்தலுக்கும் அவனுக்கு உடம்பு கூசியது.

மூன்று மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

உள்ளே கூப்பிட்டபோது உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனான். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வதாக இருந்தான்.

தேவகி சிரித்தாள்.

“நீ சொன்ன ஊசி போட்டாங்கய்யா. அது மட்டும் இல்லன்னா நான் செத்தே போயிருப்பேன்.”

அவன் திறந்த வாயை மூடிக்கொண்டான். நான்கு வருடமாக அவள் அவனை இப்படிப் பார்த்ததில்லை. ஊசி குறைக்காத வலியை, ஊசி போட்டாயிற்று என்ற நம்பிக்கை கொஞ்சம் குறைத்துவிட்டதோ என்னவோ. அதை ஏன் கெடுக்க வேண்டும்? இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

கட்டிலின் மறுபக்கத்தில் தேவகியின் தங்கை பூமாலை உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்க்க அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியவள். அவளுக்கும் எட்டு மாதம், தலைப்பிரசவம். பயத்தில் முகம் வெளுத்திருந்தது.

“அந்த ஊசி பேரு இன்னாக்கா சொன்ன?”

“வலி ஊசி. உள்ள போனதும் மொதல்ல அதைக் கேளு.”

பூமாலை மறந்துவிடாமல் இருக்க இரண்டு தரம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

“இதானே மாமா?” என்று அவனைக் கேட்டாள்.

தேவகியும் அவன் பதில் சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.