ஒழுங்கையின் மூன்றடி

அளவுநாடாவின் ஒரு நுனியைப் பௌஸி என் கணவரிடமே கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்.

பௌஸி மாநகர சபையிலிருந்து வந்தவர். பக்கத்து வீட்டு டோரின் தன் தோட்டத்தை நான்கு துண்டாகப் பிரித்து விற்க அனுமதி கேட்டிருந்தார். ஒழுங்கையில் மற்ற ஆறு வீட்டுக்காரரும் அதை எதிர்த்துக் கையெழுத்து வைத்திருந்தோம். இரண்டு பக்கத்தையும் கேட்டு, இடத்தைப் பார்த்து, அறிக்கை எழுதுவது பௌஸியின் வேலை.

எதிர்ப்புக் கடிதத்தை எழுதியவர் என் கணவர் வரதராசா. முப்பத்தொரு வருடம் அரசாங்கத்தில் காணிப் படம் கீறியவர். ஓய்வு பெற்றபின் கீற ஒன்றும் கிடைக்காமல் இருந்த மனிதருக்கு இது திருவிழா.

தண்ணீர் பத்தாது, வாய்க்கால் நிரம்பி வழியும், ஐந்து மாடி எழும்பினால் கடற்காற்று வராது என்று அடுக்கினார். எல்லாவற்றுக்கும் மேலே, முதலாவதாக, ஒழுங்கையின் அகலம். நான்கு துண்டு பிரிப்பதென்றால் இருபது அடிப் பாதை வேண்டும். இருப்பது பதினேழு.

அதை அளந்தவரும் அவர்தான். முழங்கால் வலி என்று எங்கள் படலையை விட்டு அசையவில்லை. மறுமுனையை மகள் கனகேஸ்வரி பிடித்தாள்.

"பதினேழு. நான் எழுதினது சரிதானே, தம்பி?" என்றார் இப்போது.

"சரிதான் ஐயா." பௌஸி குறித்துக்கொண்டார்.

பிறகு நாடாவைச் சுருட்டிக்கொண்டு ஒழுங்கையின் அந்தத் தொங்கலுக்கு நடந்தார். அங்கே இருபது. நடுவில் அளந்தார். அங்கேயும் இருபது. திரும்பி வந்து எங்கள் மதிலை மேலும் கீழும் பார்த்தார்.

"இங்க மட்டும் ஏன் மதில் முன்னுக்கு வந்தீக்கி?"

தவளை தன் வாயால் கெட்டது.

எண்பத்து மூன்று கலவரத்தில் விழுந்த மதிலை அடுத்த வருடம் திரும்பக் கட்டியபோது மூன்றடி வெளியே தள்ளினோம். அந்த மதிலையே சுவராக வைத்து ஓர் அறை எடுத்தோம். அந்த அறையில்தான் கனகேஸ்வரி பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். வீடு ஓடுவது அந்த ரியூசனில். பத்தொன்பது வருடத்தில் அது யாருடைய மூன்றடி என்பது எங்களுக்கே மறந்துபோனது. ஊர்க் காணியெல்லாம் கீறிய மனிதர் தன் மதிலை மறந்தார். எனக்கு மட்டும் நினைவிருந்ததா என்ன.

பௌஸி டோரின் பக்கம் திரும்பினார்.

டோரின் தன் படலையடியில் குடையோடு நின்றார். எழுபத்தெட்டு வயது, பறங்கிப் பெண்மணி. இந்த ஒழுங்கை முழுவதும் ஒரு காலத்தில் அவருடைய தகப்பனின் தென்னந்தோட்டம். நத்தாருக்கு அவர் வீட்டுக் கேக் எங்களுக்கு வரும், பொங்கலுக்கு எங்கள் சட்டி அங்கே போகும். எதிர்ப்புக் கடிதம் போன பிறகும் அவர் முகம் கோணவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பௌஸி நேற்றே வருவதாக இருந்தார். டோரின்தான் ஒருநாள் தள்ளச் சொன்னார். நேற்றுச் செவ்வாய்க்கிழமை. செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகிறவர். காலை பஸ்ஸில் போனால் மத்தியானம் தாண்டித்தான் திரும்புவார்.

அவருடைய வீட்டுக் கூரை மூன்று மழைக்காலமாக ஒழுகுகிறது. நான்கு துண்டும் கிடைத்தால்தான் வாங்குவேன் என்று கட்டடக்காரர் சொல்லியிருந்தார். விற்றுவிட்டு மெல்பேர்னில் தங்கையோடு போய் இருப்பது அவருடைய எண்ணம்.

"மிஸ், இது உங்கட டாடி விட்ட பாதை" என்றார் பௌஸி. "உங்களக் கேக்காமக் கட்டினதெண்டு ஒரு சொல் சொல்லுங்க, நான் எழுதுறேன். மதிலை உள்ளுக்கு எடுக்க வரும். உங்கட நாலு துண்டும் பாஸ் ஆகும்."

மாலை நாலரை மணி. அறை யன்னல் திறந்திருந்தது. உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள் குனிந்து கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள். டோரின் கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்தார்.

"கேட்டவங்கதான்" என்றார். "எண்பத்து நாலு. ஒரு செவ்வாய்க்கிழமை, நான் சேர்ச்சுக்குப் போக முதல் வந்து கேட்டாங்க. எடுங்க எண்டு நான்தான் சொன்னேன்."

பௌஸி இன்னொரு தடவை கேட்டார். அதே பதில்.

பாதை பதினேழு அடி, நான்கு துண்டுக்கு இடமில்லை என்று எழுதி டோரினிடம் ஒப்பம் வாங்கிக்கொண்டார். டோரின் குடையை மடக்கிக்கொண்டு மெல்ல உள்ளே போனார்.

நாங்கள் வென்றுவிட்டோம். எதிர்வீட்டுச் சின்னராசா வந்து என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவர் மதிலையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு எங்கே போய் முகத்தை வைப்பதென்று தெரியவில்லை.

நாங்கள் கேட்கவேயில்லை.

டோரின் வீட்டில் இருக்கமாட்டார் என்றுதான் மேசனைச் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னோம். அவர் கொச்சிக்கடையிலிருந்து திரும்பியபோது இரண்டு வரி கல் ஏறியிருந்தது. கொஞ்சம் நின்று பார்த்தார். "வடிவான மதில்" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் கவனிக்கவில்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.