ஐந்தாவது தட்டு

அக்காவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா சௌந்தரம் மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். அக்காவின் ஜீனை ஏற்றி வளர்க்கும் உருளைப்புழுக்களை நாங்கள் மாற்றிவிடுவோம் என்று அவருக்குச் சந்தேகம். மூன்றாம் நாள் புழு வளர்ந்து பச்சையாக ஒளிர்ந்தால் கல்யாணம். சிவப்பாக ஒளிர்ந்தால், எங்கள் அம்மாவின் கைநடுக்கம் அக்காவுக்கும் வரும் என்று பொருள்.

ஒன்று செத்தாலும் மிச்சம் இருக்கட்டும் என்று புழுக்களை ஐந்து தட்டுகளில் வைத்திருந்தார். நான் காப்பி நீட்டினால்கூட, தட்டுகளைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் வாங்கினார். அக்காவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்ததால் நாங்கள் பொறுத்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் காலையில் நான்கு தட்டுகள் பச்சையாக ஒளிர்ந்தன. ஐந்தாவது சிவப்பு.

"எப்ப கண்ணு மாத்துனீங்க?" என்று அக்காவைக் கேட்டார்.

"தலைமாட்டுல வெச்சுத்தானுங்க அத்தை படுத்தீங்க. மாத்தியிருந்தா அந்த ஒண்ண மட்டும் விட்டுவெப்போமா?"

"ஒரே ஜீன், ஒரே தீனி. ஒண்ணு மட்டும் எப்படிச் செவக்கும்?"

"உங்க பையனுக்கு எத்தனை தட்டு வெச்சீங்க?"

"ஒண்ணுதான். பச்சை."

அவருடைய பெட்டியில் நான்கு காலித் தட்டுகள் மிச்சம் இருந்தன. அக்கா அவற்றை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"அவருக்கும் அஞ்சு வெச்சுப் பாருங்க அத்தை."

அவர் காலித் தட்டுகளைத் தொடவில்லை. கிளம்பும்போது பச்சைத் தட்டுகள் நான்கையும் விட்டுவிட்டு, சிவப்பை மட்டும் பைக்குள் வைத்தார்.

"என்ற பையனுக்குக் காட்ட இது போதும் கண்ணு."