நாலு சாவும் ஒரு துண்டும்

மனம்விட்டு அழுவதற்குத் தரை டிக்கெட் நாலணா, பெஞ்சு எட்டணா. காரைக்குடிச் சந்தை மதிலில் நாடகக் கம்பெனி ஒட்டிய ரோஸ் நிற நோட்டீஸில் பசை ஈரம் காலை வெயிலில் மினுங்குகிறது. இந்த மாதம் ஆறு நாடகம். பருப்புக்கடை வெள்ளைக்கண்ணு பக்கத்தில் நிற்கும் கம்பெனி மேனேஜரைக் கேட்கிறார்: "கதாநாயகிய எத்தனை நாடகத்துல சாகடிக்கிறீக?"

"நாலுல, அண்ணாச்சி."

கூட்டம் உச்சுக் கொட்டுகிறது. காய்கறிக் கூடையோடு நிற்கும் பஞ்சவர்ணம் புருசன் வெள்ளைக்கண்ணுவைப் பார்த்து, "போன வருசம் அழுத தலைவலி இன்னும் போகல. நீக மட்டும் போயிட்டு வாங்க" என்கிறாள். வெள்ளைக்கண்ணு முகம் சுருங்குகிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்காமல் எந்தக் கோமாளியைப் பார்த்தும் அவருக்குச் சிரிப்பு வந்ததில்லை. தோள் துண்டை எடுத்து மேனேஜர் கைமேல் போர்த்துகிறார், மாட்டுத் தரகர்கள் விலை பேசுவதுபோல. துண்டுக்குள் விரல்கள் நெளிகின்றன, மடங்குகின்றன, இழுபடுகின்றன.

"கட்டாது அண்ணாச்சி! செத்தாத்தானே அந்தச் சோகப்பாட்டு?"

"பாட்டு முடிஞ்சதும் எந்திரிச்சுக்கிறட்டும்யா!" என்கிறார் ஜவுளிக்கடை ஜெகபர் சாதிக். சிரிப்பில் புறாக்கள் மதிலைவிட்டுப் பறக்கின்றன.

துண்டு விலகுகிறது. மேனேஜர் நெற்றியில் வியர்வை.

"நாலுல மூணு பிழைச்சிருச்சு தாயி," என்று வெள்ளைக்கண்ணு பெண்டாட்டியிடம் குழைகிறார். "பாக்கி ஒண்ணே ஒண்ணு."

பஞ்சவர்ணம் கூடையை இடுப்பு மாற்றிக்கொள்கிறாள்.

"அந்த ஒரு சாவ நாடகத்து மாமியா கணக்குல எழுதச் சொல்லுங்க. நான் வந்துர்றேன்."