விரலுக்காக ஒரு வாக்குவாதம்

"இது மெலனோமா. விரல எடுத்துடலாம்னு எழுதிடவா?"

இருவர் சேர்ந்து பார்க்கும் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சீஃப் கேட்டார்.

எதிரே இருந்த இளம் டாக்டருக்குச் சுருக்கென்றது. திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் பேதாலஜி துறையில் அவளுக்கு எதிர்க்கட்சி என்று பெயர். சீஃப் வாயைத் திறந்தால் மற்ற டாக்டர்கள் தலையாட்டுவார்கள். இவள்தான் மறுத்துப் பேசுவாள். மட்டம் தட்டுவதற்கென்றே இன்று கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஸ்லைடில் யாருடைய மோதிர விரலிலோ இருந்த கட்டியின் மெல்லிய சீவல். பெயர் கிடையாது, எண்தான். மெலனோமா என்றால் உயிரையே குடிக்கக்கூடிய தோல் புற்றுநோய். இவர்கள் எழுதப்போவதை வைத்துத்தான் நாளை சர்ஜன் கத்தியை எடுப்பார்.

"மெலனோமா இல்ல சார். நரம்பு உறையில வர்ற கட்டி. அபூர்வம்தான், ஆனா சாது."

"சாதுவா? சாயம் எப்படிப் பிடிச்சிருக்கு பாரு."

"அந்தச் சாயம் ரெண்டுக்குமே பிடிக்கும். மெலனோமாவுக்குன்னே போடுற இன்னொரு சாயம் துளிகூடப் பிடிக்கலயே."

"சில மெலனோமாவுல அதுவும் பிடிக்காது. படிச்சதில்லையா?"

"படிச்சிருக்கேன். எங்க வீட்டுல காலேஜ் வாசல மிதிச்சதே நான்தான். அதனால எதையும் விட்டுவைக்கல."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. காரணத்தச் சொல்லு."

அவள் ஸ்லைடை நகர்த்தினாள். "மேல்தோல் சுத்தமா இருக்கு. கட்டி கொத்துக் கொத்தா, உள்ள ஜவ்வா, சுத்தி வேலி போட்ட மாதிரி இருக்கு. புத்துன்னா செல் ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சு பெருகணும். இங்க ஒண்ணாவது பிரியுதா, காட்டுங்க."

"இந்த மாதிரி எத்தன பாத்திருக்க?"

"ஒண்ணு."

"ஒண்ணப் பாத்துட்டு ஒரு உயிரோட விளையாடுவியா? தப்பாப் போனா நீ பொறுப்பா?"

"நான்தான். உங்க பிடிவாதத்துக்கு ஒருத்தரோட விரல் போனா, அதுக்கு யாரு சார் பொறுப்பு?"

சீஃப் ஸ்லைடை மூலை முடுக்கு விடாமல் துழாவினார். பிரியும் செல் ஒன்றுகூட அகப்படவில்லை.

"சரி. கட்டி மிச்சம் இருந்தா ஓரத்த மட்டும் எடுத்தாப் போதும், விரலத் தொடாதீங்கன்னு எழுது. கையெழுத்து நீயே போடு. நான் போட மாட்டேன்."

பழியை என் தலையில் கட்டுகிறார் பார் என்று கறுவிக்கொண்டே அவள் எழுதினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். மனுஷனுக்குத் தோற்றுப் பழக்கமில்லை போலிருக்கிறது.

சீஃப் ஜன்னல் பக்கம் திரும்பி, செல்போனில் மனைவியைக் கூப்பிட்டார்.

"உன் விரலுக்கு ஒண்ணும் இல்லடி. என்னால முடிஞ்சமட்டும் மல்லுக்கட்டிப் பாத்துட்டேன், அந்தப் பொண்ணு அசைஞ்சு கொடுக்கல."